ஆறில்லாப் பாடாண்: ‘ரோர் ஆஃப் தி லயன்’ தொடர் பற்றிய ஓர் ஆய்வு

விளையாட்டு அணிகளின் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக ஆக்கி வழங்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் உலகெங்கும் பெருகியுள்ளது. அவற்றை வெறும் விளம்பரம் என்று தள்ளுவோரும் உளர். வரலாறு என்றே கொள்வோரும் உளர். இரண்டும் முழுமையான கருத்துகள் அல்ல. ஒரு தலைவனையும் அவன் படையையும் அப்படை வென்ற களத்தையும் புகழ்ந்து கூறும் ஆக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. அதனை அளந்து காண்பதற்குரிய கோல் நம் பொருளிலக்கணத்திலேயே உண்டு. அக்கோலைக் கொண்டு, 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாட்ஸ்டார் வழியாக வெளிவந்த ‘ரோர் ஆஃப் தி லயன்’ என்னும் தொடரை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சிங்கத்தின் முழக்கம் என்பது அப்பெயரின் பொருள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஈராண்டுத் தடைக்குப் பின் 2018-இல் மீண்டு வந்து கோப்பை வென்ற வரலாறே அதன் கதை.

நாம் நடுநின்று பேசுவோர் அல்லோம் என்பதை முதற்கண் கூறிவிடுதல் நலம். செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் வாழ்வார் பலரைப் போலவே நாமும் மஞ்சள் அணியின் பக்கத்தவரே. ஆதலின் இத்தொடரில் நாம் காணும் குறை அணியின்பால் உள்ள வெறுப்பினால் எழுந்தது என்று எவரும் கருதார்.

தொடரின் சிறந்த பகுதி அதன் தொடக்கமே ஆகும். 2013-ஆம் ஆண்டு எழுந்த சூதாட்டக் குற்றச்சாட்டையும் அதன் விளைவையும் பற்றி, நெடுங்காலம் வாய் திறவாதிருந்த மகேந்திர சிங் தோனி இதில் பேசுகின்றார். ஆட்டத்தை விலைபேசுதல் கொலையினும் கொடிய குற்றம் என்பது அவர் கருத்து. அணிக்குக் கடுந்தண்டனை உரியதே என்று அவர் ஒப்புகின்றார். அதன் அளவே வினா என்கின்றார். வீரர் செய்த பிழை யாது என்றும் கேட்கின்றார். குருநாத் மெய்யப்பன் அணியில் யார் என்னும் வினாவிற்கு அவர் கூறும் விடை நினைவில் நிற்பது. உரிமையாளர் என்று அவரை எவரும் தமக்கு அறிமுகம் செய்யவில்லை என்றும், மருமகன் என்றே தாம் அனைவரும் அறிந்திருந்ததாகவும் கூறுகின்றார். ஒரு பெருநிறுவனத்தின் ஆட்சிமுறையை உறவுமுறைப் பெயர் ஒன்று இவ்வளவு தெளிவாக விளக்கிவிடுகின்றது. தோனி அதனைக் குற்றச்சாட்டாகக் கூறினாரல்லர். இயல்பாகவே கூறிச் சென்றார். அவ்வியல்பே அதற்கு வலிமை தருகின்றது.

எனினும், அம்மருமகன் அணியின் அலுவலரே என்று முத்கல் குழு 2014-இல் கண்டதையும், 2015 சனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும், அவ்வாண்டு சூலை 14-ஆம் நாள் லோதா குழு சென்னை, இராசத்தான் என்னும் இரு அணிகளையும் ஈராண்டு விலக்கியதையும் அறிந்தவர்க்குத் தொடரின் துலாக்கோல் ஒருபுறம் சாய்வது தெரியும். வாரியத்தின் தலைவரே ஓர் அணியின் உரிமை நிறுவனத்திற்கும் தலைவராக இருந்த நிலையன்றோ அவ்வழக்கின் வேர்? தொடரோ தன் எடை முழுவதையும் வீரர் உள்ளத்தின்மேல் வைக்கின்றது. புண்பட்ட உள்ளத்தைக் காட்டுவது கலைக்கு உரியதே. ஆயின் புண் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் புண்பட்டாரிடம் மட்டும் கேட்டறிதல் போதாது.

இதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பனிஜய் ஏசியா நிறுவனத்துடன் சேர்ந்து இத்தொடரை ஆக்கியது தோனி என்டர்டெயின்மென்ட் என்னும் நிறுவனம். பாடப்படுவோனும் பாடுவிப்போனும் ஒருவனே. இது பாடாண் திணைக்கு உரிய நிலையே என்பதனை மறவாதிருத்தல் வேண்டும். பாணனுக்குப் பரிசில் தந்தவனைப் பாணன் பாடினான். அதனாற் புறநானூறு பொய்ந்நூல் ஆகிவிடவில்லை. ஆதலின் ‘தம்மைத் தாமே புகழ்ந்துகொண்டனர்’ என்று கூறி இத்தொடரைத் தள்ளுவார் கருத்தும் நமக்கு உடன்பாடன்று. பாடாண் நல்ல பாடாணா என்பதே நாம் கேட்கத் தக்க வினா.

தொல்காப்பியர் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்குப் புறனாக வைத்தார். வெட்சி குறிஞ்சிக்கும், வஞ்சி முல்லைக்கும், உழிஞை மருதத்திற்கும், தும்பை நெய்தலுக்கும், வாகை பாலைக்கும் புறனாக, பாடாண் கைக்கிளையின் புறன் ஆயிற்று. கைக்கிளையாவது ஒருதலைக் காமம். புகழ்ப்பாட்டும் ஒருதலை அன்பும் ஓரினத்தன என்று கண்ட அந்நுண்மை இன்றைய விளையாட்டு அன்பர்க்கு மிகப் பொருந்துவதாகும். சேப்பாக்கத்து மேல்தளத்தில் அமர்ந்து சீழ்க்கை ஒலிப்பவன் தலைவனை அறிவான்; தலைவன் அவனை அறியான். கைக்கிளைக்கு நிலம் வகுக்கப்படவில்லை என்பதும் ஈண்டுக் கருதத் தக்கது. அதனைக் காட்டி, ‘பாடாணுக்கு நிலம் எதற்கு?’ என்று சிலர் வினவக்கூடும்.

அவ்வினாவிற்கு இலக்கியமே விடை கூறுகின்றது. இக்கடற்கரையையே பாடிய பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது அது. ஐந்நூறு அடிகளில் மன்னனைப் பற்றியன எத்துணை, வழியைப் பற்றியன எத்துணை என்று எண்ணிப் பார்ப்பார்க்கு வியப்பு விளையும். உமணரின் உப்பு வண்டிகள், எயினர் குடிசை, மோர் விற்கும் ஆய்மகள், உழவர் இல்லம், வலைஞர் குடி, அந்தணர் மனை என ஒவ்வொன்றிலும் தங்கி, அங்கங்கே கிடைக்கும் உணவை உண்டு, நீர்ப்பெயற்று என்னும் துறையையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் கண்டு, அதன் பின்னரே பாணன் காஞ்சியை அடைகின்றான். நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரமே என்று கொள்ளும் அறிஞரும் உளர். அது எவ்வாறாயினும், மன்னன் பெருமையை அவன் நாட்டு மக்களின் அடுப்பிலும் உலையிலும் வைத்துக் காட்டியதே அப்புலவர் செய்த செயல். வழியே அப்பாடாணின் உயிர். ஆற்றுப்படை என்னும் பெயரிலுள்ள ‘ஆறு’ வழியைக் குறிப்பது. இத்தொடரில் இல்லாதது அவ்வாறே ஆகும்.

ரசிகர் இத்தொடரில் வாராமல் இல்லை. மஞ்சள் நிறத் திரளாக வருகின்றனர், ஆரவாரமாக ஒலிக்கின்றனர். வீரரின் கண்ணீருக்கு அவர்தம் முழக்கம் பின்னிசை ஆகின்றது. ஆனால் அவர் எவ்வூரினர், எவ்வழியே வந்தனர், எப்பொழுது வீடு திரும்பினர் என்று தொடர் கேட்பதில்லை. செங்கற்பட்டிலிருந்து சேப்பாக்கம் செல்வோன் கடற்கரை செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாறவேண்டும். மாமல்லபுரத்திற்கோ ரயிலே இல்லை. சாளுவன்குப்பம், நெம்மேலி, கோவளம், முட்டுக்காடு என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்லவேண்டும். ஆட்டம் முடியும்பொழுது நள்ளிரவு நெருங்கிவிடும்; கடைசி வண்டியைத் தவறவிட்டால் விடியுமட்டும் நிலையத்தில்தான். நுழைவுச் சீட்டு வாங்க இயலாதவரே பெரும்பாலோர். அவர்க்குக் குப்பத்து மணலில் டென்னிஸ் பந்தால் ஆடும் ஆட்டமும் தொலைக்காட்சிப் பெட்டியுமே சேப்பாக்கம். இவற்றுள் எதனையும் காட்டாத தொடர், ‘சென்னை’ என்னும் சொல்லை எதன்மேல் நிறுத்துகின்றது?

இவ்வினா வெறும் ஊர்ப்பற்றால் எழுந்ததன்று. 2018 மே 27-ஆம் நாள் இறுதிப் போட்டியில் ஆடிய பதினொருவரை நோக்குக. வாட்சன், டு பிளெசி, ரெய்னா, ராயுடு, தோனி, பிராவோ, ஜடேஜா, சாஹர், கரண் சர்மா, தாக்கூர், இங்கிடி. இவருள் தமிழ்நாட்டவர் ஒருவரும் இலர். அசுவின் அவ்வாண்டு பஞ்சாபு அணிக்குச் சென்றுவிட்டார். நாம் இதனைக் குறையாகக் கூறவில்லை; ஏலத்தில் அமையும் அணிகளின் இயல்பே அது. ஆயின் வீரரால் ஆகாத சென்னைத் தன்மை, ஆடுகளத்தாலும் காண்போராலும் மட்டுமே ஆதல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். அவ்வாண்டிலோ ஆடுகளமும் பறிபோயிற்று.

அது பறிபோன வகை தொடரின் உரைகல் எனலாம். 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பு வழங்கித் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஆறு வாரத்துள் அமைக்கப்படவேண்டிய ஏற்பாட்டை நடுவணரசு அமைக்கவில்லை. நாடெங்கும் போராட்டம் மூண்டது. ஏப்பிரல் 10-ஆம் நாள், மூவாண்டிற்குப் பின் சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடிய முதல் ஆட்டத்தன்று, வாயில்களில் முழக்கங்கள் எழுந்தன; உள்ளே எல்லைக்கோட்டருகில் நின்ற வீரர்பால் காலணிகள் வீசப்பட்டன. அன்றிரவு கொல்கத்தா எடுத்த 202 ஓட்டங்களை ஒரு பந்து எஞ்சியிருக்கச் சென்னை கடந்து வென்றது. பின்னர் எஞ்சிய ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேக்கு மாற்றப்பட்டன.

தொடரின் நோக்கில் இது தலைவன் செல்லும் வழியில் நேர்ந்த மற்றோர் இடையூறு. தடை, முதுமை, காயம், வெளியூர்ப் புலப்பெயர்ச்சி என்னும் வரிசையில் அதுவும் ஒன்றாய் அடங்கிவிடுகின்றது. தமிழ்நாட்டு ரசிகனுக்கோ அது இடையூறு அன்று. தன் நெஞ்சு இரண்டாகப் பிளந்த நாள். வாயிலில் நின்று தடுத்தவனும் சீட்டுடன் நின்றவனும் வேறு வேறு இனத்தவர் அல்லர். பல வீடுகளில் அண்ணனும் தம்பியும் ஆவர். சேப்பாக்கத்தைச் சூழ்ந்த நகரம் பருகும் நீரிலேயே காவிரியின் பங்கு உண்டு: கொள்ளிடத்தின் வழியாகக் காவிரி நீர் பெறும் வீராணம் ஏரியிலிருந்து 2004-ஆம் ஆண்டு முதல் குழாய்வழி நீர் சென்னைக்கு வருகின்றது. பாலாறு பெரும்பாலும் மணலாறாகவே கிடப்பதைக் கண்டு வாழும் செங்கற்பட்டு மக்களுக்கு, மேல்நாட்டவர் தடுத்தால் கீழ்நாட்டு ஆறு என்னாகும் என்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அத்தகைய ஒருவன், ஈராண்டு காத்திருந்து மஞ்சட் சட்டை அணிந்து செல்லுங்கால், ‘நீருக்கு அழும் நேரத்தில் ஆட்டமா?’ என்னும் வினாவை எதிர்கொண்டான். அவன் என்ன விடை கூறினான்? சென்றானா, திரும்பினானா? உள்ளே அமர்ந்து சீழ்க்கை ஒலித்தபோது அவன் உள்ளம் எவ்வாறு இருந்தது? ஒரு நாடகத்திற்குப் போதுமான பொருள் இங்கே உள்ளது. தொடர் அதனைக் கடந்து புனே செல்கின்றது. வழி என்னும் பொருளில் மட்டுமன்றி, நீர் ஓடும் ஆறு என்னும் பொருளிலும் இது ஆறில்லாப் பாடாண் ஆகிவிட்டது.

வீரர் தரப்பின் உணர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. காலணி வீசியதை எவரும் போற்றார். அயல்நாட்டு வீரன் ஒருவனுக்குக் காவிரியின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்றும் நாம் கூறோம். தெரிந்திருக்க வேண்டியவர் தொடரை ஆக்கியோரே.

புனே செல்லும் வழியில் மெய்யாகவே ஓர் ஆற்றுப்படை நிகழ்ந்தது. ஏப்பிரல் 19-ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் ரசிகர் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்னும் தனி ரயிலில் சென்னையிலிருந்து புறப்பட்டுச் சென்றனர். மறுநாள் இராசத்தான் அணிக்கு எதிராக வாட்சன் 106 ஓட்டம் குவித்தார். சென்னை 64 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. பண்டைப் பாணன் பரிசில் பெறச் சென்றான். இவர்களோ பெறுவதற்கு ஒன்றுமின்றிச் சென்றனர். பயணச் செலவை அணி ஏற்றது உண்மையே. அதனை விளம்பரம் என்று கூறுவார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தமிழ்நாட்டின் எல்லை கடந்து அயலூர்க் களத்தைச் சேப்பாக்கமாக ஆக்கியவர் அவ்வாயிரவரே அன்றி வேறு யாவர்? அந்த ரயிலின் ஒரு பெட்டியில் ஓர் இரவு முழுவதும் படக்கருவியை வைத்திருந்தால் தொடர் வேறொன்றாக ஆகியிருக்கும்.

இவ்வாறு எதிர்பார்த்தல் மிகை என்பாருக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 2018 திசம்பரில் நெட்பிளிக்சில் வெளிவந்த ‘சண்டர்லேண்ட் டில் ஐ டை’ என்னும் தொடர், இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஒரு கால்பந்து அணியைப் பற்றியது. 2017-இல் முதல் நிலையிலிருந்து வீழ்ந்த அவ்வணி 2018-இல் மீண்டும் ஒரு படி வீழ்ந்தது. கப்பல் கட்டும் தொழில் அழிந்துபோன அவ்வூரின் தெருவும் தேவாலயமும் அத்தொடரில் வருகின்றன. அணிக்காக வழிபடும் குருவும் வருகின்றார். அதனை ஆக்கியோருள்ளும் அவ்வணியின் அன்பர் உளர் என்பதை நோக்க, அகத்தவர் ஆக்கினால் நிலம் மறைந்துவிடும் என்று கூற இயலாது. தோல்வி அவர்க்கு உதவிற்று என்று வேண்டுமானால் கூறலாம். வெற்றியைச் சொல்லுங்கால் தலைவன்மேற் கண் செல்கின்றது. தோல்வியில் மன்னன் முகம் மறைந்து ஊர் தெரிகின்றது.

சென்னை அணிக்கும் அத்தகைய ஆண்டு பின்னர் வந்தது. 2025-இல் அது பட்டியலின் பத்தாம் இடத்தில், கடையில் நின்றது. அதன் வரலாற்றில் அதுவே முதன்முறை. அவ்வாண்டிலும் செங்கற்பட்டு வண்டிகளில் மஞ்சட் சட்டைகள் பூங்கா நிலையத்தில் இறங்கின. அவர்களைப் பின்தொடர்ந்து செல்லும் தொடர் ஒன்று ஆக்கப்படுமாயின், அதனை நாம் மீண்டும் இவ்விதழில் ஆராய்வோம்.