கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று ஆகுமா?

அமெரிக்காவில் ஆற்றில் பாலம் கட்டுமுன், அருகிவரும் நன்னீர் மட்டிகள் அங்கே இருக்கின்றனவா என்று தேடுவார்கள். முக்குளிப்பவர் குறித்த நேரம் ஆற்றடியைக் கண்ணால் பார்த்து எண்ணுவது ஒரு முறை. எனக்கு உறுத்துவது இதுதான். 1993 முதல் அழியும் இனப் பட்டியலில் உள்ள கிளப்ஷெல் மட்டி பென்சில்வேனியாவின் அலெகெனி ஆற்றில் இருக்கிறது. அது சரளைக்குள் 4 அங்குலம் வரை புதைந்து கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினா எப்படிங்க? டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு, பக் எதுவும் இல்லை என்று சொல்லும் எங்க ஆபீஸ் கதைதான். அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, சரளையைத் தோண்டிச் சலித்தால் நேரமும் செலவும் கூடும்தான். ஆனால் பக்கைப் பிறகு திருத்தலாம். மட்டியின் மேல் தூண் இறங்கினால் முடிந்தது. அறிக்கையில் 'இல்லை' என்று முடிக்காமல், 'இவ்வளவு ஆழம் தேடினோம், கிடைக்கவில்லை' என்றாவது எழுதட்டும்.