சொற்பட்டியலும் பேச்சு வழக்கும்

1660ஆம் ஆண்டில், புயலாற் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவர் மைந்தர் றொபேட் நொக்ஸும் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மைந்தர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரைச் சென்றடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூலை வரலாற்றாசிரியர் பெரிதும் போற்றுவர். ஆயின், மொழி பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் அந்நூலிற் பாடம் உண்டென்பதை நினைப்பார் சிலரே.

நொக்ஸ் சிங்களத்தை ஏட்டிற் கற்றவர் அல்லர். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த காலத்தில், கொடுக்கல் வாங்கலிடையே கற்றவர். அதனாலன்றோ அவர் மொழியைப் பற்றி எழுதப் புகுந்தவிடத்து வெறுஞ் சொற்களை அடுக்கிச் செல்லாமல், அவற்றை யார் யாரிடத்து வழங்குவர் என்பதைச் சொல்ல முற்பட்டார்! முன்னிலையாரைக் குறிக்க ஏழெட்டுச் சொற்கள் உளவென்றும், அவை ஒன்றினொன்று உயர்ந்து செல்லும் படிவரிசையில் அமைந்தனவென்றும் காட்டுகின்றார். பெண்டிரை அவரவர் நிலைக்கேற்ப விளிக்கும் பெயர்களையும் தனியே தருகின்றார். ஏர் உழுவோனும் அரசவையினனைப் போன்றே நயம்படப் பேசுவான் என வியக்கின்றார். இலக்கண நுட்பம் அவரிடம் குறைவு. எழுத்துப் பெயர்ப்பும் செம்மையுடையதன்று. எனினும், இச்சொல்லை இவரிடம் இவ்வாறு கூறுக என்னும் அறிவு அங்கே இருக்கின்றது.

அவ்வறிவே நம் கைக்கு வரும் 'அன்றாட ஆங்கிலம்' என்னும் சிறு கைந்நூல்களிற் பெரும்பாலும் காணப்படாதது. இடப்புறம் தமிழ், வலப்புறம் ஆங்கிலம். நடுவே ஒரு கோடு. 'தாருங்கள்' என்பதற்கு நேரே 'கிவ்' என்று அச்சிட்டிருக்கும். தமிழில் மரியாதை வினைமுற்றினுள்ளேயே உறைகின்றது. தா, தாரும், தாருங்கள் என மூன்று படிகளை ஈழத்துப் பேச்சு இன்றும் பேணி வருகின்றது. ஆங்கில ஏவல்வினைக்கு அத்தகைய படிகள் இல்லை. அம்மொழியார் அப்பணிவை வினாவாக மாற்றி, 'வுட் யூ' என்று தொடங்கியோ, 'பிளீஸ்' என்பதைச் சேர்த்தோ வெளியிடுவர். எனவே 'தாருங்கள்' என்பது 'கிவ்' ஆகும்போது பொருள் சென்று சேர்கின்றது. பணிவு வழியிலே உதிர்ந்துவிடுகின்றது. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ விடுதியொன்றில் வேலைக்குச் சேரும் இளைஞன், வந்திறங்கிய விருந்தினரை நோக்கி 'கிவ் பாஸ்போட்' என்பானாயின், அவன் தன் தாய்மொழியில் எத்துணைப் பணிவாக நினைத்தான் என்பதை அவர் அறியார். முரடன் என்றே கொள்வர். பிழை அவனதன்று, அவன் மனனஞ் செய்த ஏட்டினது.

நொக்ஸின் காலத்து ஆங்கிலத்திலேனும் 'தௌ', 'யூ' என முன்னிலைச் சொல் இரண்டு வழங்கின. இன்று பொதுவழக்கில் எஞ்சியது ஒன்று. நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றும் அவ்வொன்றில் ஒடுங்க வேண்டியிருத்தலால் நம் மாணவன் அச்சமுற்று, வாக்கியந்தோறும் 'சேர்' என ஒட்டிக்கொள்ளுகின்றான். நகைத்தற்குரியதன்று அது, இழந்த படியைத் தேடும் முயற்சி என்க.

திருகோணமலைக்குப் பிறமொழிச் சொல் புதிதன்று. போர்த்துக்கேயர் கதிரையையும் வாங்கையும் அலுமாரியையும், ஒல்லாந்தர் கந்தோரையும் ஈழத்தமிழுக்கு விட்டுச் சென்றனர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்து நீங்கிய பின்னரும் டொக்யாட் வீதி அப்பெயரோடே கிடக்கின்றது. சைனா பே சீனன்குடாவெனப் பொருளால் ஒத்தும், ஓர்ஸ் ஹில் உவர்மலையென ஒலியால் ஒத்தும் நிற்கும் ஊர் இது. ஆயினும் வந்து குடியேறியவை பெரும்பாலும் பொருட்பெயர்களே. கதிரையைத் தந்த போர்த்துக்கேயர், அதில் அமருமாறு ஒருவரை வேண்டுந் தொடரைத் தந்தாரில்லை. பெயர் பண்டத்தோடு கரையிறங்கும். உபசாரமோ மனிதரோடு நெடுநாட் பழகினாலன்றிக் கைவராது.

சொற்களைச் சுருக்கினாற் சுமை குறையும் என எண்ணியோரும் உளர். ஒக்டன் 1930இல் வகுத்த அடிப்படை ஆங்கிலம் 850 சொற்களில் அடங்கியது, வினைகள் பதினெட்டே. காணக் கவர்ச்சியான எண்ணிக்கைதான். ஆனால் 'புட்' என்பதையும் 'அப்' என்பதையும் 'வித்' என்பதையும் தனித்தனியே அறிந்த மாணவன், மூன்றும் சேர்ந்தவழிப் 'பொறுத்துக்கொள்' என்னும் பொருள் பிறத்தலை எங்ஙனம் உணர்வான்? சிறு சொற்களே பெருந்தொல்லை தருவன. வங்காளத்திற் பயிற்றிய அனுபவமுடைய மைக்கல் வெஸ்ற் 1953இல் வெளியிட்ட ஏறத்தாழ 2000 சொற்பட்டியல் இவ்வகையில் மேம்பட்டது. ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எத்துணை பயில்கின்றதென அளந்து காட்டுகின்றது. அவரும் யார் யாரிடம் என்னும் வினாவுக்கு விடை தந்தாரல்லர்; பட்டியலின் இயல்பு அது.

விடைபெறும் தொடரை நோக்குக. செல்பவர் 'போகிறேன்' என்று சொல்லுதல் நம்மவரிடையே அமங்கலம். 'போயிற்று வாறன்' என்பர், அல்லது 'வாறன்' என்றே முடிப்பர். கைந்நூலோ 'வருகிறேன்' என்பதற்கு நேரே 'ஐ ஆம் கமிங்' எனப் பொறித்திருக்கின்றது. அதனை நம்பிய மாணவன் நேர்முகத் தேர்வு முடிந்ததும் எழுந்து, கைகூப்பி, 'ஐ ஆம் கமிங், சேர்' என்று பணிவோடு கூறி வாயிலைக் கடக்கின்றான். உள்ளிருக்கும் அயல்நாட்டார் அவன் எதையோ எடுத்துவரச் சென்றான் என எண்ணிச் சிறிது நேரம் காத்திருக்கின்றார்.