14 நாள் என்று எழுதினால் போதுமா?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் நாடாளுமன்றம் படிக்கும் பிள்ளைக்கு எண்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். மக்களவைக்குப் போட்டியிட 25 வயது, மாநிலங்களவைக்கு 30. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மசோதா பண மசோதாவா என்று முடிவு செய்பவர் மக்களவை சபாநாயகர். எல்லாம் சரியான விடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். இவ்வளவும் எழுதிய பிள்ளைக்கு நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது என்று தெரியுமா?

மனப்பாடத்தைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் செய்தித்தாளே வாங்காத முதல் தலைமுறை மாணவிக்கும், ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் குடும்பத்துப் பையனுக்கும் ஒரே கேள்வி, ஒரே விடை, ஒரே மார்க் என்பது பெரிய நியாயம். விவரம் தெரியாதவரால் எதையும் விவாதிக்கவும் முடியாது.

ஆனால் மேலே சொன்ன கடைசி இரண்டு விடைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 2016 மார்ச்சில் ஆதார் மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. அப்போது மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. சாதாரண மசோதாவாக வந்திருந்தால் அந்த அவையால் அதைத் தோற்கடித்திருக்க முடியும். பண மசோதா என்றாகிவிட்டதால் திருத்தங்களைப் பரிந்துரைக்க மட்டுமே முடிந்தது. மார்ச் 16 அன்று ஐந்து திருத்தங்களோடு திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது, மசோதா நிறைவேறியது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இதை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் ஒருவர் மட்டும் கடுமையாக மறுத்து எழுதினார். சபாநாயகர் தரும் ஒரு சான்று, இன்னொரு அவையின் மறுக்கும் உரிமையையே எடுத்துவிடும் என்பதுதான் இங்கே விஷயம். இதைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லா விவரமும் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றைச் சேர்த்து யோசிக்கும்படி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

துணை சபாநாயகர் விஷயமும் இப்படித்தான். மக்களவை தன் உறுப்பினர்களிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு: ஒருவர் சபாநாயகர், மற்றவர் துணை சபாநாயகர். 2014 முதல் 2019 வரை தம்பிதுரை அந்தப் பதவியில் இருந்தார். அடுத்து வந்த மக்களவை, தன் ஐந்தாண்டும் துணை சபாநாயகரே இல்லாமல் முடிந்தது. பிரிவில் காலக்கெடு எதுவும் இல்லை. அந்த ஐந்தாண்டுகளில் இதைத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகளுக்கு, விதிக்கும் நடப்புக்கும் நடுவில் இப்படி ஓர் இடைவெளி விழ முடியும் என்று சொல்லித்தர எவ்வளவு நல்ல வாய்ப்பு!

என்சிஇஆர்டி 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு நூல் வேறு வழியில் போனது. 1990 ஆகஸ்ட் 13 அன்று வெளியான ஓர் அரசாணையில் பாடத்தைத் தொடங்கி, மண்டல் ஆணையத்தின் பரிந்துரையான 27 சதவீத இட ஒதுக்கீடு யார் யார் கையைத் தாண்டி அந்த ஆணையாக வந்தது, பிறகு எப்படி உச்ச நீதிமன்றம் போனது என்று காட்டியது. துணிச்சலான முறை. 'முடிவெடுத்தவர் யார்?' என்று பிள்ளையைக் கேட்க வைக்கிறது. நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை மட்டும் அது தவறான உதாரணம். அது அமைச்சரவை எடுத்த முடிவு. மசோதா, வாக்கெடுப்பு, இரு அவைகளின் மோதல் எதுவும் அதில் இல்லை. பாடம் கதையாக நன்றாக ஓடுகிறது, சட்டம் இயற்றும் அவை மட்டும் ஓரத்தில் நிற்கிறது.

இரண்டையும் எடைபோட்டால், விவரங்களை அடுக்கும் பாடம் பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நிகழ்வைச் சொல்லும் பாடமே போதும் என்றும் சொல்ல மாட்டேன். முதன்மைக் குற்றவாளி வினாத்தாள். பாடம் சேர்த்துக் கொடுத்ததையும் அது ஒரு மார்க் துண்டுகளாக நறுக்கிவிடுகிறது. ஆசிரியரும் மார்ச் மாதத் தேர்வை நினைத்து அந்தத் துண்டுகளையே நடத்துகிறார்.

ஐந்து மார்க் கேள்வி ஒன்று இப்படி இருக்கலாம்: 'மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவருகிறது. அது பண மசோதா என்று சான்றளிக்கப்பட்டால் என்ன ஆகும்? இல்லாவிட்டால் என்ன ஆகும்?' திருத்துவதற்கும் சிரமம் இல்லை. 14 நாளுக்கு ஒரு மார்க், சபாநாயகரின் சான்றுக்கு ஒன்று, பண மசோதா இல்லாவிட்டால் கூட்டக்கூடிய இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்துக்கு ஒன்று, இவற்றை இணைத்துக் காரணம் சொன்னால் இரண்டு.