பெயரும் நிலமும்: ‘மெய்யழகன்’, ‘லாசரோ ஃபெலிச்சே’ திரைப்படங்களில் நல்லவன்

பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’ (2024) வெளியானபோது, அது மண்மணமும் உறவின் ஈரமும் நிறைந்த படமாகவே பெரிதும் போற்றப்பட்டது. அப்பாராட்டில் உண்மை உண்டு. எனினும், அப்படம் முன்வைக்கும் நற்பண்பு எந்த நிலவுறவின்மீது நிற்கிறது என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டும். அலிச்சே ரோர்வாக்கரின் இத்தாலியப் படமான ‘லாசரோ ஃபெலிச்சே’ (2018) அவ்வினாவுக்குத் துணைநிற்கிறது. கான் விழாவில் திரைக்கதைக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட அப்படத்தின் நாயகனும் களங்கமற்ற நல்லவனே.

சொத்துத் தகராறால் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் பெயர்ந்தவன் அருள்மொழி. இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், தங்கையின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கு உறவினன் ஒருவன் அன்பால் அவனைச் சூழ்ந்துகொள்கிறான். அருள் விட்டுச்சென்ற மிதிவண்டியே தன் குடும்பத்தை உயர்த்தியது என்பது அவ்வுறவினனின் நம்பிக்கை. ஆனால் அருளுக்கு அவன் பெயர் நினைவில் இல்லை. உண்டு, உறங்க இடம்பெற்று, பெயரறியாக் குற்றவுணர்வு தாளாமல் இரவிலேயே வெளியேறுகிறான். படத்தின் தலைப்பு ஒருவனின் பெயர் என்பது இறுதியில்தான் தெளிவாகிறது. வீட்டை இழந்தவனே இங்குக் கடனாளியாகிறான்; அக்கடன் நினைவின் கடன். சொத்திழப்பின் கசப்பை இவ்வாறு திசைமாற்றியதே படத்தின் சாதனை.

‘லாசரோ’வில் நிலைமை நேர்மாறானது. புகையிலைப் பண்ணையில் லாசரோவின் பெயரை அனைவரும் அறிவர். வேலை ஏவும்பொருட்டு ஓயாமல் அப்பெயரையே அழைக்கின்றனர். வாரமுறை சட்டப்படி ஒழிந்ததை மறைத்து, பண்ணையின் உரிமையாளரான சீமாட்டி குடியானவர்களைச் சுரண்டுகிறாள். அவர்களோ லாசரோவைச் சுரண்டுகின்றனர். அவனுடைய நன்மை எவர்க்கும் படிப்பினையாவதில்லை. சுரண்டலின் கடைசிப் படி எதுவென்று காட்டும் அளவுகோலாகவே அது அமைகிறது. பண்ணையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் நகரின் ஓரத்தில் வறியவராக வாழ்வதையும் படம் மறைப்பதில்லை.

பெயரறிதல் என்பது காவிரிப் படுகையில் நிலவுறவோடு பிணைந்த ஒன்று. வயதில் மூத்த பண்ணையாளையும் மிராசுதார் வீட்டுச் சிறுவன் பெயர்சொல்லி ஏவிய வழக்கம் இங்கு இருந்தது. சாகுபடியாளரையும் பண்ணையாள்களையும் காக்க, தஞ்சைக்கென 1952இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. விருந்தோம்பலுக்கும் இம்மண்ணில் வேறொரு வரலாறு உண்டு. 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில், பொதுப்பந்தியில் அமர்ந்து உண்டதற்காக ஆதிதிராவிடர் சிலர் தாக்கப்பட்டு மொட்டையடிக்கப்பட்டனர். யாருக்கு இலை போடப்படும் என்பதும் யார் பெயர் எவ்வாறு அழைக்கப்படும் என்பதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள்.

இவ்வரலாறு முழுவதையும் ஒரு குடும்பப்படம் சுமக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ‘மெய்யழகன்’ தேர்ந்த எல்லையே இங்குக் கருதத்தக்கது. நினைக்கப்படும் உரிமையை அப்படம் உறவுமுறையிலிருந்து மட்டுமே பெறுகிறது. மறந்த பெயருக்குரியவன் உறவினனாக இருப்பதால் அருளின் குற்றவுணர்வுக்கு மன்னிப்பு எளிதாகிறது; ஒரு தொலைபேசி உரையாடலில் கடன் தீர்கிறது. அவ்வீட்டின் வயலில் நாற்று நட்டவரின் பெயரை அருள் மறந்திருந்தால், அக்கடன் எவ்வாறு தீர்ந்திருக்கும்? லாசரோ தன் பண்ணைக்குடும்பத்தின் சொத்தை மீட்டுத்தருமாறு வங்கியில் கேட்டு, அங்கிருந்தோரால் அடிபடும் காட்சி, நிலத்தின் கணக்கை அன்பு தனித்துத் தீர்க்காது என்பதை உணர்த்துகிறது.

பெயர் மறத்தலை அறப்பிழையாக உணரச்செய்த வகையில் ‘மெய்யழகன்’ தமிழ்த் திரைக்கு அரிய வரவு. அவ்வுணர்வை உறவு வட்டத்திற்கு வெளியே விரிப்பது படுகையைப் பற்றி இனி எழும் படங்களின் பணியாகும். அவ்விரிவு நிகழாதவரை, பசுமை வயல் திரையில் அழகிய பின்புலமாக மட்டுமே எஞ்சும்.