ஒருவர் பார்க்க ஒரு சுவர்

ஓவியங்களைப் பிறந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து வந்து ஒரே கூரையின்கீழ் மாட்டுவதுதான் பெரும்பாலான அருங்காட்சியகங்களின் வழக்கம். ஃபுளோரன்ஸ் நகரின் சான் மார்கோவில் கட்டடமே அருங்காட்சியகமானது. இடைக்காலத்தில் வேறு சபையாரிடம் இருந்து பின்பு தோமினிக்கன் துறவிகள் கைக்கு வந்த மடம் இது. கோசிமோ தெ மெதிச்சியின் பொருளுதவியில், 1437 முதல் மிக்கெலோட்சோ இதைப் புதுப்பித்துக் கட்டினார். அதே சபைத் துறவியான ஃப்ரா ஆஞ்செலிக்கோ, உதவியாளர்களோடு சுவரோவியங்கள் தீட்டினார். 1869 முதல் இது அருங்காட்சியகம்.

தரைத்தளத்தில், வழிப்போக்கர் தங்கிய கூடத்தில், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த ஆஞ்செலிக்கோவின் பலகை ஓவியங்கள் இருக்கின்றன. பொன்னும் நீலமும் போட்டி போடும். அதைப் பார்த்துவிட்டு மாடியேறுங்கள். படி முடியும் இடத்தில் எதிரே ‘மங்கள வார்த்தை’, தேவதூதர் மரியாளுக்கு இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் காட்சி: தூண்கள், வேலியிட்ட தோட்டம், பலவண்ணச் சிறகுகளோடு மண்டியிட்ட கபிரியேல். மடத்தார் எல்லோரும் கடந்துபோகும் வழியில் இத்தனை வளம்.

மாடியில் துறவிகள் தனித்தனியே வாழ்ந்த அறைகளில், மூன்றாம் அறையிலும் அதே காட்சிதான். ஆனால் தோட்டம் இல்லை. வெறும் வளைவுக் கூரை, வெளிறிய சுவர். நிற்கும் தேவதூதர், மண்டியிட்ட மரியாள், ஓரமாக வணங்கி நிற்கும் ஒரு துறவிப் புனிதர். அவ்வளவே. அறையில் வாழ்ந்தவர் ஒருவர். நாள்தோறும் கண்முன்னே இருக்கப்போகும் சுவர் ஒன்று. அலங்காரம் சீக்கிரம் சலித்துவிடும் என்று ஆஞ்செலிக்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏழாம் அறையில் இந்தச் சிக்கனம் துணிச்சலாகிறது. கண்கட்டப்பட்ட கிறிஸ்துவைச் சுற்றி, அடிக்கும் கைகளும் எச்சில் உமிழும் தலையும் மட்டும் வெறுவெளியில் மிதக்கின்றன. அவற்றுக்கு உடலே இல்லை. வன்முறையைக் கதையாகச் சொல்லாமல், தியானிப்பவர் மனத்தில் வந்துபோகும் துண்டுகளாகவே காட்டிவிட்டார். கீழே புனித தோமினிக் அந்தக் கொடுமையை ஏறிட்டும் பாராமல் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கிறார். எப்படிப் பார்ப்பது என்பதற்கும் அங்கேயே பாடம்.

ஈரச் சுண்ணச் சாந்தில் தீட்டும் வண்ணம், சாந்து இறுகும்போது சுவரோடு ஒன்றாகிவிடும். அறைக்குள் வரும் வெளிச்சம் பக்கத்துச் சிறு சன்னலிலிருந்து வருவது. பொன்னை அள்ளித் தீட்டத் தெரிந்தவரே இந்த மங்கலான ஒளிக்கும் தனியொருவரின் கண்ணுக்கும் ஏற்பக் கையை அடக்கிக்கொண்டார். ஓவியத்தைப் பெயர்த்து வேறெங்கோ மாட்டியிருந்தால் இந்த அடக்கம் வறுமையாகத் தோன்றியிருக்கும். சான் மார்கோவில் அது தேர்ச்சியின் உச்சம் என்று தெரிகிறது.