அறப்பணியும் கணக்கும்: ஒரு விமர்சன நோக்கு

பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஒருவர் தமது தொழிலைத் தெரிவு செய்யும்போது பொதுவாகச் சம்பளத்தையும், பதவியின் நிரந்தரத்தையும், வேலைத்தலம் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையுமே கருத்திற் கொள்கின்றார். தொழிற்றெரிவு அடிப்படையில் ஓர் அறவியற் பிரச்சினையாகும் என்றும், அதற்குக் கணக்கிட்டு விடை காண இயலும் என்றும் கூறும் சிந்தனைப் போக்கொன்று கடந்த இரு தசாப்தங்களில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. ‘பயனுறு பரோபகாரம்’ எனத் தமிழிற் சுட்டத்தக்க இவ்வியக்கத்தைச் சார்ந்து, வில்லியம் மக்கஸ்கில், பெஞ்சமின் ரொட் ஆகியோர் 2011 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டிலே தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ‘80,000 மணித்தியாலங்கள்’ என்பதாகும். வாரத்துக்கு 40 மணித்தியாலம், ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு என்று பெருக்கினால் ஒரு மனிதரின் உழைக்கும் ஆயுள் அவ்வளவே. அந்த ஆயுளை எங்கே செலவிட்டால் உலகுக்கு அதிக நன்மை விளையும் என ஆராய்ந்து, தகுதியான அறநிலையங்களில் உள்ள வேலை வாய்ப்புக்களைப் பட்டியலிட்டு வழங்குவது அதன் பணிகளுள் ஒன்றாகும்.

இவ்வியக்கத்தை முழுமையாக ஏற்றுப் போற்றுவதும், முதலாளித்துவத்தின் இன்னொரு முகமூடி என ஒரே வசனத்தில் ஒதுக்கிவிடுவதும் எளிது. இரண்டுமே அதன் எழுத்துக்களை ஊன்றிப் படிக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் வழிகளாகும். அவ்வெழுத்துக்களின் பலம் எது, அவை எங்கே தடுமாறுகின்றன என்பதனை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயக்கத்தின் மூல ஆவணமாகக் கருதற்பாலது, பீற்றர் சிங்கர் எழுதிய ‘பஞ்சம், செல்வச் செழிப்பு, ஒழுக்கம்’ என்னும் கட்டுரையாகும். 1971 நவம்பரில் எழுதப்பெற்று 1972 இல் வெளிவந்த இக்கட்டுரை கிழக்கு வங்காளத்து அகதிகளைப் பற்றியது. ஆழமற்ற குளமொன்றிலே குழந்தையொன்று மூழ்குகின்றது. அவ்வழியே செல்பவர் தம் உடை சேறாகிவிடும் என்பதற்காக அதனைக் கைவிடலாமா என்று சிங்கர் வினவுகின்றார். ஆகாது என்பதை எவரும் ஒப்புவர். அவ்வாறாயின் உயிர் போகும் இடம் தூரத்தில் உள்ளது என்பது மாத்திரம் எமது கடமையை எவ்வாறு குறைக்கும் என்பதே அவரது அடுத்த வினா. அகதிகளுக்கு அன்று பிரித்தானியா வழங்கிய தொகை ஏறத்தாழ 1 கோடி 47 இலட்சம் பவுண் எனவும், கொன்கோர்ட் விமானத்தை உருவாக்குவதற்கு அந்நாடு ஏற்ற செலவு 27 கோடி பவுணுக்கும் அதிகம் எனவும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். கொடுத்தவரைப் புகழ்வதும் கொடாதவரைக் குறை கூறாது விடுவதுமாகிய வழக்கத்தை இக்கட்டுரை நிலைகுலையச் செய்தது. கொடையை விருப்பத்தின்பாற்பட்ட செயலாகக் கருதாது, கடமையாகக் கருத வேண்டுமென அது வற்புறுத்தியது. இவ்வாதத்துக்கு நேரான மறுப்புக் கூறுவது இன்றும் எளிதன்று.

எனினும், இக்கட்டுரையை அது தோன்றிய வரலாற்றுச் சூழலில் வைத்து நோக்குமிடத்து ஒரு குறைபாடு புலப்படுகின்றது. குளத்து உவமையில் குழந்தையை நீரிலே தள்ளியவர் எவருமிலர். கிழக்கு வங்காளத்திலோ, 1971 மார்ச்சில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையே மக்களை எல்லை கடக்கச் செய்தது. துன்பத்துக்கான காரணங்களாக வறுமை, சூறாவளி, உள்நாட்டுப் போர் ஆகியவற்றைச் சிங்கர் தொடக்கத்திலே குறிப்பிடுகின்றார். குறிப்பிட்டுவிட்டு அப்பாற் செல்கின்றார். மக்கள் தம் பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கு எழுதவில்லை, ஊர்வலம் செல்லவில்லை என்று அவர் குறைபடுவது உண்மையே. ஆயினும் ஆங்கும் கோரப்படுவது மேலதிக நிவாரணமேயாகும். கட்டுரை எழுதப்பட்ட அடுத்த மாதம், டிசெம்பர் 16 ஆந் திகதி, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அது அச்சில் வெளிவந்த 1972 இன் முற்பகுதியில் அகதிகளிற் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். நிவாரணம் அவர்களுள் எத்தனையோ பேரை அதுவரை உயிருடன் வைத்திருந்தது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அவர்களை அகதி நிலையினின்றும் விடுவித்தது அரசியல் மாற்றமே. இவ்வுண்மைக்குக் குளத்து உவமையில் இடமில்லை. பிற்காலத்து இயக்கம் இந்த உவமையையே தன் அடித்தளமாகக் கொண்டமையால், இக்குறைபாட்டையும் உடன் கொண்டுவந்தது எனலாம்.

சிங்கர் கொடுக்க வேண்டுமென்றார். எவருக்குக் கொடுப்பது என்ற வினாவை அடுத்த தலைமுறையினர் எழுப்பினர். நிதி முதலீட்டு நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஹோல்டன் கர்னோவ்ஸ்கி, எலி ஹாசன்ஃபெல்ட் ஆகிய இளைஞர் இருவர், தாம் வழங்கும் பணத்தால் யாது விளைகின்றது என அறநிலையங்களை வினவினர். திருப்தியான விடை கிடைக்காமையால் 2007 இல் ‘கிவ்வெல்’ என்ற மதிப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். அறநிலையமொன்றை அதன் நோக்கத்தாலோ, நிருவாகச் செலவின் விகிதத்தாலோ மதிப்பிடாது, விளைந்த பயனால் மதிப்பிடுவது அவர்தம் முறை.

இம்முறையின் தேவையை விளக்க மக்கஸ்கில் தமது 2015 ஆம் ஆண்டு நூலில் எடுத்தாளும் உதாரணம் மனங்கொள்ளத்தக்கது. சிறுவர் சுற்றி விளையாடும் இராட்டினத்தையே நீரிறைக்கும் பம்பியாக மாற்றும் கண்டுபிடிப்பொன்று தென்னாபிரிக்காவிலே தோன்றிப் பெரும் புகழ் பெற்றது. 2006 இல் அமெரிக்க அரசும் தனியார் கொடையாளரும் அதற்கு நிதி வழங்க முன்வந்தனர். நடைமுறையிலோ, சிறுவர் களைத்து விலகியபின் அந்த இராட்டினத்தைக் கையாற் சுற்ற வேண்டியவர்கள் கிராமத்துப் பெண்களாயினர். பழைய கைப்பம்பியே இதனினும் இலகுவானது என்று அவர்கள் கண்டனர். நல்லெண்ணமும் புதுமையும் பயனுக்கு உத்தரவாதமாகா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே காலப்பகுதியில் பொருளியலாளர் சிலரும் கள ஆய்வுகளின் மூலம் இத்தகைய உண்மைகளை வெளிக்கொணர்ந்தனர். 2019 இல் அபிஜித் பனர்ஜி, எஸ்தர் டுப்ளோ ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கல் கிரேமர், மேற்குக் கென்யாவின் பாடசாலைகளிலே நடத்திய ஆய்வுகள் இங்கு குறிப்பிடற்பாலன. இலவசப் பாடநூல் வழங்கியமையால் சராசரி மாணவரின் பரீட்சைப் பெறுபேறு உயரவில்லை. முன்னரே திறமை பெற்றிருந்தோரே பயனடைந்தனர். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவரிற் பலருக்கு அது மூன்றாவது மொழி. தாய்மொழிக் கல்வி பற்றி நெடுங்காலம் வாதிட்ட நாட்டினராகிய எமக்கு இம்முடிவு வியப்பளிக்காது. மாறாக, 75 பாடசாலைகளில் நடத்தப்பெற்று 2004 இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வில், மலிவான குடற்புழு மாத்திரைகள் மாணவர் வரவின்மையை நான்கிலொரு பங்கு குறைத்ததாகக் கூறப்பட்டது. பின்னர் வேறு ஆய்வாளர் அத்தரவுகளை மீளாராய்ந்து அம்முடிவின் உறுதி பற்றி ஐயம் தெரிவித்தனர். விவாதம் பகிரங்கமாக நடைபெற்றது. அறப்பணி பற்றிய கூற்றுக்கள் இவ்வாறு சோதனைக்கும் மறுசோதனைக்கும் உள்ளாவதே ஒரு முன்னேற்றமாகும்.

இவ்வியக்கத்தின் உயர்ந்த பண்பு அதன் வெற்றிகளிலும் பார்க்கத் தோல்வியொன்றிலேயே நன்கு வெளிப்படுகின்றது. வங்காளதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் அறுவடைக்கு முந்திய மாதங்களில் வேலையின்றிப் பசி நிலவும். நகரஞ் சென்று கூலிவேலை செய்வதற்குப் பேருந்துக் கட்டணமளவான சிறு தொகையை வழங்கினால் குடும்பத்தின் உணவு நிலை மேம்படும் என 2008 இல் நடத்தப்பட்ட ஆய்வு காட்டியது. அதனை ஆதாரமாகக் கொண்டு விரிந்த அளவிற் செயற்படுத்தப்பட்ட திட்டம், 2017 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், எதிர்பார்த்தவாறு மக்களை வேலைதேடிப் புறப்படச் செய்யவில்லை என்று தெரியவந்தது. அதனை நடத்திய நிறுவனம் அம்முடிவைத் தானே வெளியிட்டு, 2019 இல் திட்டத்தையும் நிறுத்தியது. தோல்வியை வெற்றியென எழுதி அடுத்த ஆண்டுக்கு நிதி கோரும் அறிக்கைகளையே பெரிதும் படித்துப் பழகியவர்களுக்கு இந்நேர்மை முன்மாதிரியானது.

இனி, கணக்கின் எல்லைகளை நோக்குவோம். கிவ்வெல் முதன்மையாகப் பரிந்துரைக்கும் பணிகளுள் ஒன்று மலேரியாவுக்கெதிரான நுளம்பு வலை விநியோகம். ஒரு வலையை வழங்குவதற்காகும் செலவு சில டொலரே. சில ஆயிரம் டொலர் செலவில் ஓர் உயிர் காக்கப்படுகின்றது என்பது அதன் மதிப்பீடு. மலேரியாவை நன்கறிந்த நாடாகிய இலங்கையின் அநுபவத்துடன் இதனை ஒப்பிடுதல் பொருத்தமாகும். 1934-35 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இங்கு ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ‘சூரியமல்’ இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசென்றனர். கிராமத்தவர் இவ்வளவு பெருந்தொகையாக மடிவதற்குப் பட்டினியால் நலிந்த உடலும் காரணமென அவர்கள் ஆங்கு கண்டனர். அவர்களிற் பலர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவுவதில் முன்னின்றனர். அடுத்த ஆண்டே அவ்விளைஞர்களுள் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் ருவான்வெல்ல, அவிசாவளைத் தொகுதிகளிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். நிவாரணம் அவர்களை அரசியல் வினாவுக்கு இட்டுச் சென்றது. பின்னர் அரசின் மலேரியா ஒழிப்புப் பணியால் 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்தபோது 1968-69 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை நோய் மீண்டும் பற்றியது. பொதுச் சுகாதாரச் சேவையின் இடையறாத உழைப்பின் பின்னரே, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் வழங்கியது.

இவ்வரலாற்றில் வலைகளுக்கும் மருந்துக்கும் பங்குண்டு. ஆனால் இலவச மருத்துவமும், கிராமந்தோறும் செல்லும் சுகாதார உத்தியோகத்தரும், அவற்றைக் கோரிப் பெற்ற வாக்காளரும் எந்த நிரலில் எழுதப்படுவர்? ஒரு டொலருக்கு இவ்வளவு எனக் கணக்கிட இயலாத இவையே கணக்கிட இயன்றவற்றைத் தாங்கி நிற்கின்றன. வெளிநாட்டுப் பணம் பெருகும்போது அரசு தன் மக்களுக்குப் பொறுப்புக் கூறும் தேவை குறைகின்றது எனப் பொருளியலறிஞர் அங்கஸ் டீற்றன் எழுப்பிய ஆட்சேபனையும் இதனோடு தொடர்புடையது. 2025 ஜூலையில் ஐக்கிய அமெரிக்கா, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டொலர் வரை கையாண்ட தன் வெளிநாட்டு உதவி முகவரகத்தின் தனியான செயற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. கொடையாளர் பல்லாண்டு நுணுகிச் செய்த கணக்குக்களை ஓர் அரசியல் முடிவு ஒருசில மாதங்களில் புரட்டிவிடும் என்பது அப்போது தெளிவாயிற்று.

தொழிற்றெரிவு பற்றிய வாதத்தில் இக்குறைபாடு மேலும் கூர்மையடைகின்றது. அறநிலையத்தில் ஊழியராவதிலும் பார்க்க, பெருஞ் சம்பளம் தரும் நிதித்துறையிற் சேர்ந்து வருமானத்தின் பெரும்பகுதியை வழங்குவது சிலருக்கு மேலானது என்ற யோசனையை இயக்கத்தினர் ஆரம்ப காலத்திலே முன்வைத்தனர். அதனை ஏற்று நிதிச் சந்தையில் நுழைந்தவர் சாம் பாங்க்மன்-ஃப்ரீட். அவர் நிறுவிய நாணய மாற்று நிறுவனம் 2022 நவம்பரில் வீழ்ந்தது. வாடிக்கையாளரின் பணத்தை மோசடி செய்தமைக்காக 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இயக்கத்தவர் அதனை வன்மையாகக் கண்டித்தனர். ஒருவரது குற்றத்தை ஒரு கோட்பாட்டின் மீது சுமத்துவதும் நியாயமன்று. ஆயினும் பணம் எவ்வாறு ஈட்டப்படுகின்றது என்பதைப் பின்தள்ளி, அது எங்கே செல்கின்றது என்பதை முன்னிறுத்தும் சிந்தனை இத்தகையோரை ஐயுறும் ஆற்றலை மழுங்கச் செய்தது என்பதை மறுத்தற்கில்லை. அந்நிறுவனமே அவ்யோசனைக்கு அளித்த முதன்மையைப் பிற்காலத்திற் குறைத்துக்கொண்டது. 2025 இல் அது தன் கவனத்தைச் செயற்கை நுண்மதியின் ஆபத்துக்கள் மீது குவித்தது. பிறவாத கோடானுகோடி மக்களையும் கூட்டலிற் சேர்த்துக்கொண்டால், இன்று காய்ச்சலிற் கிடக்கும் குழந்தை சிறிய எண்ணாகிவிடும் அபாயம் உண்டு.

இப்பிரச்சினை எமது மாணவருக்குப் புறம்பானதன்று. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னரும், 2009 இல் போர் முடிந்த பின்னரும், வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் பலர் அரசுசார்பற்ற நிறுவனங்களிற் பணியேற்றனர். திட்டக்காலம் முடிவடைந்ததும் பலரது பதவியும் முடிவடைந்தது. அவர்கள் எழுதிய அறிக்கைகள் பெரும்பாலும் நிதியளித்தோரின் மொழியில், நிதியளித்தோருக்கே எழுதப்பட்டன. வீடு பெற்றவரும் படகு பெற்றவரும் அவற்றைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைப் பெற்றிலர். பயனுறு பரோபகாரத்தின் கணக்கு அவ்வறிக்கைகளிலும் பன்மடங்கு நேர்மையானது. ஆனால் அதுவும் கொடுப்பவரை நோக்கியே எழுதப்படுகின்றது. கிவ்வெல்லின் ஆதரவில் 2019 இல் கென்யாவிலும் கானாவிலும் வறிய குடும்பத்தினரிடம் நேரில் வினவியபோது, சிறு குழந்தைகளின் உயிருக்கு அவர்கள் அளித்த மதிப்பு, கணிப்பாளர் கருதியிருந்ததிலும் கூடியதாக இருந்தது. அதன்பின் கணக்கின் நிறைகள் மாற்றப்பட்டன. பெறுபவரைக் கேட்டால் கணக்கே மாறும் என்பதனை இயக்கத்தின் சொந்த அநுபவம் காட்டியுள்ளது. இவ்வழியில் அது மேலும் செல்லவேண்டும்.

எனவே இவ்வியக்கத்திடமிருந்து நாம் கற்கவேண்டியது பயனைச் சோதித்தறியும் துணிவும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மையுமாகும். சேர்க்க வேண்டியது இரு வினாக்கள்: இத்துன்பத்தை விளைவித்தது எது? அறிக்கை எவருக்குக் காட்டப்படுகின்றது? வேலைப் பட்டியலொன்றைக் கையிலெடுக்கும் மாணவர் சம்பளத்தோடும் பயனோடும் இவற்றையும் கேட்பாராயின், அந்த 80,000 மணித்தியாலங்களைப் பற்றிச் சிந்திப்பதற்கு அவரிடம் முழுமையான கணக்கொன்று இருக்கும்.