'எஸ்டர்டே' வந்தால் சிம்பிள் பாஸ்ட்

ஆங்கில வகுப்பில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சூத்திரம் இது: வாக்கியத்தில் எஸ்டர்டே, அகோ, லாஸ்ட் வீக் இருந்தால் சிம்பிள் பாஸ்ட்; ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், சின்ஸ், ஃபார் இருந்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட். மாணவர் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள வேண்டியதுகூட இல்லை. அந்தச் சொல் கண்ணில் பட்டால் போதும், கோடிட்ட இடம் நிரம்பிவிடும்.

இந்த முறையைக் குறை சொல்பவர்கள் இதன் பயனை மறந்துவிடுகிறார்கள். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது நம்மவர் ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்கும் பிழை. அது வெறும் கவனக்குறைவு அல்ல. காலையில் ஈர வாசலைப் பார்த்ததும் 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். தமிழில் அது கொஞ்சமும் உறுத்தாது. ஆங்கிலம் இதற்கு இடம் தராது. கடந்துபோன ஒரு நேரத்தைச் சுட்டிச் சொல்லிவிட்டால் அங்கே பிரசென்ட் பெர்ஃபெக்ட் நுழையக் கூடாது. தாய்மொழிப் பழக்கம் இழுக்கும் இந்த இடத்தில் சூத்திரம் பிள்ளைகளைக் கைவிடுவதில்லை. நெரிசலான வகுப்பில் இதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்லித்தர முடியுமா என்பது சந்தேகமே.

சூத்திரத்தின் மறுபாதிதான் ஆட்டம் காண்கிறது. 'ஃபார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வேலைக்கான நேர்காணலில் ஒருவர் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்கிறார். அந்த வேலையை அவர் விட்டுவிட்டார் என்று பொருள். 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் பொதுவாக இன்னும் அங்கேயே இருக்கிறார். முதலாமவரிடம் 'ஏன் விட்டீர்கள்?' என்று கேட்பார்கள்; இரண்டாமவரிடம் 'எப்போது அங்கிருந்து விடுபட முடியும்?' என்பார்கள். இரண்டு வாக்கியமும் சரி. ஆனால் 'ஃபார்' வந்தாலே பெர்ஃபெக்ட் என்று திருத்தும் ஆசிரியர், சிம்பிள் பாஸ்ட் எழுதிய மாணவருக்குச் சிவப்பு மையில் தவறு போடுகிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆல்ரெடி, யெட் ஆகியவற்றின் கதையும் உறுதியானதல்ல. அமெரிக்கர்கள் 'டிட் யூ ஈட் யெட்?' என்று இயல்பாகக் கேட்கிறார்கள்.

மெய்யியலாளர் ஹான்ஸ் ரைஷன்பாக் 1947இல் தந்த விளக்கம் இங்கே பெரிதும் உதவும். பேசும் நேரம், நிகழ்ச்சி நடந்த நேரம் ஆகிய இரண்டோடு, பேசுபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்ற மூன்றாவது நேரத்தையும் அவர் சேர்த்தார். சாவி தொலைந்த கதையை 'ஐ லாஸ்ட் மை கீ' என்று சொல்பவர் தொலைத்த அந்த நேரத்தில் நின்று பேசுகிறார். சாவி பிறகு கிடைத்ததா என்பது வாக்கியத்தில் இல்லை. 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பவர் இப்போது, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார். 'எஸ்டர்டே' ஏன் பெர்ஃபெக்டோடு ஒட்டுவதில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது: அது பார்வையை நேற்றைக்கு இழுக்கிறது, பெர்ஃபெக்டோ இன்றைக்குள் நிற்கிறது. ஆறாம் வகுப்புக்கு இந்தக் கலைச்சொற்கள் வேண்டாம். 'இப்போது சாவி கையில் இருக்கிறதா?' என்று கேட்டாலே பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆகவே சூத்திரத்தைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். மாற வேண்டியது வினாத்தாள். ஒற்றை வாக்கியத்தில் கோடு போடுவதற்குப் பதில், 'ரவி வீட்டு வாசலில் நிற்கிறான், உள்ளே போக முடியவில்லை' என்று ஒரு வரி சூழலை மேலே கொடுத்துவிட்டு ரவி என்ன சொல்வான் என்று கேட்கலாம். சூழல் தராத கேள்விக்கு இரண்டு விடையும் பொருந்தினால், இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.